சாமியோடு ஊர் சுற்றிய ஞாயிறுகள்

கார்த்திகை முதல் தேதி சாயந்திரம் திருத்தணி தாலுகா ஆபீசிலிருந்து சுசித்ரா வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் அவள் புருஷனைக் காணவில்லை. அவன் இடத்தில் ஒரு சாமி உட்கார்ந்திருந்தது. கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் துளசிமணி மாலை.

மாமியார் கன்னியம்மாள் அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"காலக் கழுவினு உள்ள வாடி. சாமி மாலை போட்டுகினு வந்துகீறாரு."

"எந்த சாமி, அத்தை?"

"நம்ம தணிகைமணி தான்."

காலையில் டிபன் பாக்ஸோடு அரக்கோணத்துக்கு ரயில்வே வேலைக்குக் கிளம்பியவன், பாதி நாள் லீவு போட்டுவிட்டு இந்த வேலையைப் பார்த்திருக்கிறான். சுசித்ராவுக்குத் தலை கொதித்தது. அவர்களுக்கு ஆவணியில் கல்யாணம். புரட்டாசியில் கறியில்லாத விருந்து, ஐப்பசியில் அடைமழை. "மழை விடட்டும் சுசி, பனிக்காலத்துல வாராவாரம் வண்டிய எடுத்துகினு கெளம்பலாம், நீ எங்க சொல்றியோ அங்க" என்று சொன்ன வாய் இதே வாய்தான். அவளும் அதை நம்பி, போனில் ஊர் ஊராகக் குறித்து வைத்திருந்தாள். மழை விட்டது. சாமி வந்துவிட்டது.

சாமி கும்பிடுவதில் அவளுக்குச் சண்டை ஒன்றுமில்லை. கன்னியம்மாள் விரல் மடக்கிச் சொன்ன சட்டங்களில்தான் சண்டை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். குளிக்காமல் அடுப்பைத் தொடக்கூடாது. பாய் தனி. புருஷனைப் பேர் சொல்லியோ, வழக்கம்போல 'பாவா' என்றோ கூப்பிடக்கூடாது, 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். மாசத்தில் அந்த ஐந்து நாளும் பொதட்டூர்பேட்டை அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். மாலை அவன் கழுத்தில், விரதம் அவள் தலையில்.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் சமையல்கட்டில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எட்டு வருஷமா போறேன். சாமி விஷயத்துல கேக்கறதுக்கு இன்னா இருக்குது சாமி?" அவனும் அவளைச் சாமி என்றே கூப்பிட்டான்.

"அந்த எட்டு வருஷத்துல நான் இந்த வீட்டுல இருந்தனா?"

"சாமி சரணம்" என்றான் தணிகைமணி. அன்று முதல் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் அதுதான் அவன் பதில்.

தறி நெய்கிற வீட்டில் முதல்முதலாக டிகிரி வாங்கிய பெண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். சட்டம் என்று யாராவது சொன்னால், அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டது என்ன என்றுதான் முதலில் பார்ப்பாள். குரூப் ஃபோர் இரண்டு தடவை எழுதி ஜெயித்த சுசித்ராவுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

"விரதத்துல ஊர் சுத்தக்கூடாதுன்னு எதாவது இருக்குதா?"

அவன் யோசித்தான். "அப்படி ஒண்ணும் இல்ல."

"அப்ப ஞாயித்துக்கெழம கெளம்பு சாமி."

முதல் ஞாயிறு நகரி தாண்டி கைலாசகோனா அருவிக்குப் போனார்கள். பனியில் ரோடு தெரியவில்லை. வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு துணிப்பை. அதை அவன்தான் வைத்தான்.

"இது இன்னா, ஆந்திரா செக்போஸ்ட்டா?" என்றாள் பின்னாலிருந்து.

"மேல படக்கூடாது சாமி."

"ஸ்பீட் பிரேக்கர் வந்தா?"

"புடிச்சிக்க."

"எத? பையையா?"

"சாமி சரணம்."

செருப்பில்லாத கால் இரும்பு பெடலில் விறைத்துப்போய், கியர் மாற்றும்போதெல்லாம் அவன் 'ஸ்' என்றான். அவளுக்கு முழங்கால் வரை சாக்ஸ். பாவமாகத்தான் இருந்தது. அருவியில் ஒரு தெலுங்குக் குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை வரிசையாக வந்து சாமி காலில் விழுந்தது. இருபத்தெட்டு வயசுக்காரன், அருவியில் நனைந்து பல் கிடுகிடுக்க, எல்லோருக்கும் கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணினான். அந்தக் குடும்பத்தின் பெரியவர், கையில் போனோடு படம் எடுக்க நின்ற சுசித்ராவைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா, சாமிய கும்புடணும்" என்றார்.

"தள்ளித்தாங்க இருக்கறேன் ஒரு வாரமா" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு ஆற்காட்டில் ஒரு பிரியாணிக் கடை. அவன் நம்பவில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னபோதுதான் புரிந்தது.

"நெஜமாவே துன்னப்போறியா?"

"மால போட்டது நீதான? சாமி விஷயத்துல என்ன கேக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னா, பிரியாணி விஷயத்துல உன்ன கேக்கறதுக்கு இன்னா இருக்குது?"

சப்ளையர் அவளைத் திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குள் உட்கார வைத்தான். "கூட யாரும்மா வராங்க?"

"யாரும் இல்ல. வெளியில சாமி நிக்கறாரு."

சப்ளையர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். புளியமரத்தடியில், இரண்டு ஹெல்மெட்டையும் கையில் வைத்துக்கொண்டு, கறுப்பு வேட்டியில் ஒருவன் ஒற்றைக்காலில் மாற்றி மாற்றி நின்றிருந்தான். பழக்காரம்மா ஒருத்தி அவனுக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சப்ளையர் ஒரு முட்டையைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனான்.

பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, 'இந்தக் கத்திரிக்கா கொத்சு எப்படி இருக்குது பாரேன்' என்று யாரிடமும் சொல்ல முடியாமல் சாப்பிடுவது ஒரு சாப்பாடா? பாதியிலேயே கை கழுவினாள்.

"எப்படி இருந்துச்சி?" என்றான், உதட்டை நனைத்துக்கொண்டு.

"நல்லால்ல."

"பொய். வாசன இங்க வரைக்கும் வந்துச்சி."

"சாமி இன்னாத்துக்கு மோப்பம் புடிக்கணும்?"

"மூச்சு உட்டுத்தான ஆகணும் சாமி" என்று ஒரு வாழைப்பழத்தை அவளிடம் நீட்டினான். கை படாமல், காம்பைப் பிடித்தபடி.

அதற்கப்புறம் இரண்டாவது தடவையாக அந்த ஐந்து நாள் வந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் ஆபீசுக்கு வந்துபோனாள். பக்கத்து சீட்டு பிரேமா மேடம், "இன்னாம்மா, மாமியார்கூட சண்டையா, அம்மா வீட்டுலருந்து வர?" என்று ஆபீசே கேட்கிறமாதிரி விசாரித்தார். "இல்ல மேடம், வீட்டுல சாமி இருக்குது" என்றாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எந்தத் தேதியில் அவளுக்கு என்ன என்று தாலுகா ஆபீசே தெரிந்துவைத்திருப்பது சாமிக்குத் தெரியுமா? அதையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மார்கழி நடுவில் ஒரு ஞாயிறு. பூண்டி ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கனகம்மாசத்திரம் கூட்டுரோட்டில் போண்டா வாசனை வண்டியை நிறுத்தியது. போண்டாவை வாங்கிக்கொண்டு டீ சொல்லி முடிக்கவில்லை, எதிரே லாரி டயர் கடையிலிருந்து கறுப்பு வேட்டி கட்டிய ஐம்பது வயசுக்காரர் ஒருவர் ரோட்டைக் கடந்து வந்தார். தணிகைமணி எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு மாலை போட்டுவிட்ட கிருஷ்ணன் குருசாமி.

"சாமி சரணம். வாம்மா, நீதான் சுசித்ராவா? நல்ல மனசும்மா உனக்கு."

"இன்னாத்துக்குங்க?"

"மால ஒருத்தன் கழுத்துல, விரதம் வீட்டுக்கே. அதனால வீட்டுக்காரம்மா சரின்னு சொல்லாம நான் எவனுக்கும் மால போடறதில்ல. அதுவும் கல்யாணமான மொத வருஷம். நீ சந்தோஷமா உத்தரவு குடுத்தேன்னு சாமி சொன்னாரு."

சுசித்ரா தணிகைமணியைப் பார்த்தாள். அவன் போண்டாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"எப்ப குடுத்தேன் சாமி?"

"சாமி சரணம்."

"சரணம் அப்புறம். எப்ப குடுத்தேன்?"

குருசாமி தனக்கு வந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கேக்கவே இல்லியா?"

"கேட்டா வேணாம்னுடுவாளோன்னு..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பஞ்சரான டயரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார் குருசாமி. "பொய் சொல்லிகினு போட்ட மாலைக்கு நான் இருமுடி கட்டமாட்டேன். அவ சரின்னா கட்றேன். வேணாம்னா, மேல முருகன் சன்னிதில கழட்டிடலாம், தோஷம் ஒண்ணும் கெடையாது." அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

குருசாமி பார்த்தார். தணிகைமணி பார்த்தான். போண்டா போடுகிறவரும் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டுப் பார்த்தார்.

சுசித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வேண்டாம் என்றால், நாளைக்குத் திருத்தணி முழுக்க அவள் 'புருஷன் மாலையைக் கழட்ட வைத்தவள்'. சரி என்றால், அவன் சொன்ன பொய் உண்மையாகிவிடும். தப்புப் பண்ணியது அவன், தீர்ப்புச் சொல்லிக் கெட்ட பேர் வாங்க அவள்.

"நான் கேக்கணும்னு சொன்னது இதில்லைங்க" என்றாள். "ரோட்டோரத்துல, வாயில பாதி போண்டாவ வெச்சிகினு, நாலு பேரு பாக்கும்போது தலையாட்டறதுக்குப் பேரு உத்தரவா? நாலு மணிக்கு எழுந்திரு, அம்மா வீட்டுக்குப் போன்னு எங்க சொன்னாங்களோ அங்க வந்து கேக்கட்டும். எங்க அத்தை எதிர்ல. அப்ப சொல்றேன், சரியா வேணாமான்னு."

குருசாமி தலையை ஆட்டினார். "நாயம்" என்று சொல்லிவிட்டு, மூன்று டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

குருசாமியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"வேணாம்னு சொல்லிடுவியா?" என்றான் ஐந்தாவது கிலோமீட்டரில்.

"கேட்டாத்தான தெரியும்."

"பயமா இருந்துச்சி சாமி, அதான் பொய் சொன்னேன்."

"யாருகிட்ட பயம்? ஐயப்பன்கிட்டயா, என்கிட்டயா?"

"ஐயப்பன் மன்னிச்சிடுவாரு."

ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்தது அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பை நடுவில் இருந்தது. அவள் குலுங்கினால்கூட அவன் முதுகுக்குத் தெரியாது.

வீட்டில் கன்னியம்மாள் கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தணிகைமணி உட்காரவில்லை. சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவன் மாதிரி நின்றான்.

"சாமி ஏன் நிக்கறாரு?" என்றாள் கன்னியம்மாள்.

"அம்மா, நான் குருசாமிகிட்ட பொய் சொல்லிட்டேன். சுசி சரின்னு சொல்லிச்சின்னு சொன்னேன். நான் கேக்கவே இல்ல."

"அதுக்கு இன்னா இப்ப?"

"அதுக்குத்தான் இப்ப கேக்கப்போறாரு அத்தை" என்றாள் சுசித்ரா. "கேளு சாமி."

அவன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்தது மறந்துபோனது முகத்திலேயே தெரிந்தது.

"சுசி" என்றான். ஒன்றரை மாசமாகக் கேட்காத பேர். "காலையில எழுந்திரிக்கறது, பஸ்ஸுல நின்னுகினு வரது, ஆபீஸ்ல பேச்சு கேக்கறது எல்லாம் நீதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் தெரியாத மாதிரி இருந்தேன். முன்னாடியே கேட்டிருக்கணும். நான் மலைக்குப் போய்ட்டு வரட்டுமா?"

"வேணாம்னு சொன்னா?"

அவன் கை தானாக மாலைக்குப் போய், அதைப் பிடித்துக்கொண்டது. "கழட்டிடறேன்."

இந்தத் தடவை சாமி சரணம் என்று சொல்லவில்லை. பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லும்போது அவன் எப்போதும் வேறெங்காவது பார்ப்பான்.

கன்னியம்மாள் கையிலிருந்த அவரைக்காயைக் கீழே போட்டாள். இதோ வரப்போகிறது, 'சாமியைக் குற்றவாளி மாதிரி நிறுத்திவைத்தாயா' என்று வரப்போகிறது என்று சுசித்ரா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பதில் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். நாலும் காரமானவை.

"உங்க மாமா இருவத்திரண்டு வருஷம் மலைக்குப் போனாரு" என்றாள் கன்னியம்மாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒருவாட்டிகூட கேட்டதில்ல. அஞ்சு நாளு கைக்கொழந்தைய தூக்கிகினு எங்கம்மா வீட்டுக்கு நடந்தே போவேன்." இன்னொரு காயை எடுத்து நார் உரித்தாள். "யோசிச்சே சொல்லுடி. இருமுடி கட்ட இன்னும் பத்து நாளு கெடக்குது."

தயாராக வைத்திருந்த நாலு வாக்கியமும் சுசித்ராவுக்கு உபயோகமில்லாமல் போயின. அவள் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"சாமிய ஒக்காரச் சொல்லட்டா, அத்தை? காலு வெறச்சிப் போயிருக்கும்."

"நிக்கட்டும் விடு. ஒண்ணும் கொறஞ்சிடாது."

பதில் அவளுக்குக் கனகம்மாசத்திரம் தாண்டும்போதே தெரியும். அவனும் ஒருவேளை ஊகித்திருப்பான். இருந்தாலும் மாலையிலிருந்து கையை எடுக்காமல் நின்றான். போய்ட்டு வா சாமி என்று சொல்லலாம். அவரைக்காய் ஆய்ந்து முடியட்டும்.