அரிவாள் கட்டிய ரோபோ

இரண்டு அரிவாள்களையும் கையில் வாங்கியதுமே முத்துச்செல்வி எடைபோடுவதுபோல் தூக்கிப் பார்த்தாள். வலது கையில் இருந்தது இடது கையில் இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

"எப்படி இருக்கு மருமவளே? நாலு நாள் பட்டறையிலயே உக்காந்து அடிச்சு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் இசக்கியப்பன். அவளுக்கு நிச்சயமாகியிருந்த சுடலைராஜின் பெரியப்பா; இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சொல்.

குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் ரோபோ நின்றது. கல்லூரியில் படித்தபோது இப்படி ஒரு சண்டை ரோபோ செய்யப் போய்த்தான் செல்வியும் ராஜும் காதலித்தார்கள். ஒரே சொந்தம் என்பதால் பெரிய ரகளை இல்லை. சித்திரையில் நிச்சயம் முடிந்து ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அதற்குள் குற்றாலத்தில் சீசனை ஒட்டி ஒரு போட்டி வந்தது. கண்ணாடி மாதிரியான தடித்த பிளாஸ்டிக் சுவருக்குள் இரண்டு ரோபோக்களை விட்டுவிடுவார்கள். நகர முடியாமல் நிற்பது தோற்றது.

ஆயுதத்தைச் செல்விதான் தேர்ந்தெடுத்திருந்தாள். முன்பக்கம் சுழலும் ஒரு குட்டையான இரும்பு உருளை, அதில் இரண்டு மொண்ணைப் பற்கள். எதிரே ஒரு காலி கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஒரே அடியில் அது ஷெட்டின் மூலைக்கு உருண்டது. ராஜ் அவளைத் தூக்கிச் சுற்றினான். "நீ சொன்னதுதான் செல்வி. வேற பேச்சே இல்ல."

அந்த உருளையைப் பார்த்துத்தான் பெரியப்பா சிரித்தார்.

"என்னலே இது? நம்ம வீட்டுப் பய சண்டைக்குப் போவுதான், இட்லிமாவு ஆட்டுத குழவியவா கட்டிட்டுப் போவான்? அரிவாளக் கட்டுலே!"

"மாமா, கூர் இருந்தா முத அடியிலயே தெறிச்சிரும். இங்க வெட்டுத வேலையே இல்ல. அடிச்சுத் தூக்கிப் போடணும், அம்புட்டுதான்."

"ஏட்டி, அரிவாளப் பத்தி எனக்கே பாடமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராஜும் சிரித்தான்.

பெரியப்பா அத்தோடு விடவில்லை. அடித்து வாங்கிய அரிவாள்களை அச்சன்புதூரில் அவர்கள் குலசாமி கோயிலுக்குக் கொண்டுபோய், சாமி முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு எடுத்துவந்திருந்தார். அவற்றைத்தான் இப்போது செல்வி கையில் பிடித்திருந்தாள்.

அவர் காப்பி குடிக்க உள்ளே போனதும் அவள் ராஜ் பக்கம் திரும்பினாள்.

"ராஜ், ரெண்டும் ஒரே எடை இல்ல. இப்படியே சுத்தவிட்டா வண்டி தானாவே குலுங்கிச் செத்துரும். கனமா இருக்கிறத கொஞ்சம் கிரைண்டர்ல தேய்ச்சாப் போதும். ஒரு மணி நேர வேலை."

"சாமிக்கு வச்ச பொருள்ல மெசின் வைக்கப்பிடாதுன்னுட்டாரு."

"அப்ப உருளையையே மாட்டுவோம்."

"எப்படிச் சொல்லுவேன் செல்வி? கோயில்ல எல்லார் முன்னாலயும் வச்சு எடுத்திருக்காரு. இந்த ஒரு தடவை மட்டும் விட்டுரு. அடுத்த போட்டிக்கு உன் உருளைதான், சத்தியமா."

வீட்டுக்குள்ளிருந்து ஆள் வரும் சத்தம் கேட்டது. "சரி அத்தான்" என்றாள் செல்வி. நிச்சயத்துக்குப் பிறகு ஆட்கள் முன்னால் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவன் அம்மா சொல்லியிருந்தாள். பிறகு குனிந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவளே முடுக்கினாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

போட்டியன்று குற்றாலத்தில் சாரல். கல்யாண மண்டபம் முழுக்க ஈரத்துண்டோடு அருவியிலிருந்து நேராக வந்தவர்கள். குங்குமப் பொட்டோடு அரிவாள் ரோபோ உள்ளே போனதும் விசில் பறந்தது. எதிரே நின்ற ரோபோவுக்கு ஆயுதம் என்று ஒன்றுமே கிடையாது. முன்னால் சரிவாக ஒரு தகடு, அவ்வளவுதான்.

"இது என்னலே, குப்பை அள்ளுத முறமா?" என்றார் பெரியப்பா. முதல் வரிசையில் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்.

அரிவாள்கள் சுழல ஆரம்பித்தன. வேகம் ஏற ஏற ரோபோ சாமி வந்ததுபோல் ஆடியது. ராஜ் இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போனது. "வேகத்தக் குறை ராஜ், குறை!" என்று செல்வி கத்தினாள். கூட்டம் இன்னும் இன்னும் என்று கத்தியது. அவன் கூட்டினான். தகட்டில் பட்ட முதல் அடியில் கூர்முனை பொடிந்தது. இரண்டாவதில் ஓர் அரிவாள் பிடுங்கிக்கொண்டு பறந்து பிளாஸ்டிக் சுவரில் செருகி நின்றது, பெரியப்பாவின் முகத்துக்கு நேராக. மிச்சத்தை அந்த முறம் சாவகாசமாக மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனது.

வெளியே வந்ததும் பெரியப்பா கேட்டார். முகம் கறுத்திருந்தது.

"போல்ட்ட முடுக்குனது யாரு?"

ராஜ் செல்வியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"செல்விதான் பெரியப்பா."

"அதான பார்த்தேன். வளையல் போட்ட கைக்கு அம்புட்டு பலந்தான் இருக்கும். சாமி மேல குத்தம் இல்ல."

சுற்றி நின்றவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. யாரோ சிரித்தார்கள். செல்வி ராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, முடுக்கியது அவள்தான். மீதியையும் அவன் சொல்வான் என்று நின்றாள். எடையைப் பற்றி, கிரைண்டரைப் பற்றி, ஒரே ஒரு வாக்கியம். அவன் சொல்லவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால், சாரல் படாத ஒரு ஓரத்தில் அவள் நின்றபோது இரண்டு டீயோடு வந்தான்.

"கோவமா? நீ சரியாத்தான் முடுக்கினன்னு எனக்குத் தெரியாதா? அத்தன பேர் முன்னால அவர விட்டுக்குடுக்க முடியல. உனக்குத்தான் என்னத் தெரியும்லா."

"தெரியும்" என்றாள். டீயை வாங்கவில்லை. "ஆவணில கல்யாணம் வேண்டாம் ராஜ்."

"சரி, உன் மனசு ஆறட்டும். தையில வச்சுக்கிடுவோமா?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த முகத்தில் இன்னமும் அவளுக்குப் பிடித்த கனிவு இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"தையிலயும் வேண்டாம். எப்பவும் வேண்டாம்."

ராஜ் மெதுவாக மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பெரியப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன் செல்வி?"