ஜனவரி ஒன்றில் பிறந்த பதினோரு பேர்

1.

மேசைக்குப் பின்னால் வழக்கறிஞர் லுப்னா. எதிரே தபாரக் அலி, குளிர்கோட்டைக் கழற்றாமல். அவருக்கு வலப்புறம் செராஜ், நாற்காலி நுனியில். ஹீட்டருக்குப் பக்கத்தில் தபாரக்கின் மனைவி ஹுஸ்னா. ஜன்னல் மூலையில், கணினியோடு நான். அமெரிக்காவின் ஹாம்ட்ராமிக் நகரில், ஓர் இனிப்புக்கடைக்கு மேலே இருக்கும் சட்ட உதவி அலுவலகம். பிப்ரவரி, பிற்பகல் இரண்டு மணி.

அங்கே கடிதம் அடித்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் கதை அன்று அடித்த ஒரு கடிதத்தின் மிச்சம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தில் இடம் கிடைக்காதவை எல்லாம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "குடியேறியவர்களின் உரிமைகள் மீறப்படும்போது சட்டமானது..."

(வேண்டாம். இதை நானே மேற்கொண்டு படிக்கமாட்டேன்.)

இரண்டாவது: "எல்லாம் ஒரு கேக்கால் வந்தது."

இது உண்மை. கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பிறந்தநாள்காரர்களுக்குக் கேக் உண்டு; பட்டியலில் பெயர் எழுதினால் போதும். எங்கள் ஆட்கள் (நான் அவர்களைப் போல வங்கதேசத்துச் சில்ஹெட்காரன் இல்லை, பதினெட்டு வருடப் பழக்கத்தில் 'எங்கள்' தானாக வருகிறது) யாரும் எழுதியதில்லை. இந்த வருடம் செராஜ் தன் பெயரோடு தபாரக் உட்பட மற்ற பத்துப் பேர் பெயரையும் எழுதிவிட்டான். பதினோரு பேருக்கும் ஜனவரி ஒன்று.* மேலாளர் போலி ஆவணம் என்று முடிவு கட்டினார். புதுச் சான்றுகள் கொண்டுவரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

[* அவர்கள் ஊரில் பள்ளி இறுதித் தேர்வுப் படிவத்தில், பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் அந்தத் தேதியைப் போட்டுவிடுவார். அரை வகுப்பு ஒரே நாளில் பிறந்துவிடும். என் பள்ளியில் எங்களுக்கெல்லாம் ஜூன் முதல் வாரம்.]

3.

"பதினோரு பேரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு எழுதிடுங்க, ஆபா," என்றான் செராஜ். லுப்னா வயதில் சின்னவள்தான். வக்கீல் என்பதால் எல்லோருக்கும் அக்கா.

"உன் நாக்கு ஒரு துண்டு கேக் கேட்டுச்சு. பதினோரு வீட்டு அடுப்பு அணைஞ்சுது," என்றாள் ஹுஸ்னா.

"அதுவும் காய்ஞ்ச கேக்கு, பாபி," என்றான். அவனுக்கு அவள் அண்ணி முறை.

நிறுவனத்துக்கு அனுப்பவிருந்த கடிதத்தை லுப்னா வாசித்தாள். பிறந்த நாட்டைப் பார்த்துக் கூடுதல் ஆவணம் கேட்பது சட்டவிரோதம். பதினோரு பேரையும் உடனே திரும்ப எடுக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் தபாரக். "எல்லாருக்கும் ஏன் ஒரே தேதின்னு எங்க இருக்கு?"

"இல்ல. இருக்கவும் கூடாது."

"அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா பொய்யன்னு சொன்னான், ஆபா. அதுக்குப் பதில் வேணாமா?"

"விளக்கம் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல, பாய். அதுதான் உங்க உரிமை. 'பிறந்த தேதி தெரியாது'ன்னு நீங்களே கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உங்க குடியுரிமை விண்ணப்பத்தைத் தோண்டுவாங்க. வேலைக்குப் போராடப் போய் நாட்டையே விடணுமா?"

4.

இந்த இடத்தில் எனக்குத் தயக்கம். தபாரக்கை அரிச்சந்திரனாக்கிவிட்டேனோ? கேரம் ஆடும்போது காயை விரலால் நகர்த்துகிற மனிதர் அவர்; நானே பார்த்திருக்கிறேன். லுப்னாவையும் முதல் வரைவில் கல்லாக எழுதிவிட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவுக்காக அலுவலகம் அலுவலகமாய் மொழிபெயர்த்தவள். சொன்ன ஒவ்வொரு விளக்கமும் அடுத்த கேள்வியாகத் திரும்பி வந்ததை அப்போதே பார்த்தவள்.

தபாரக் ஒரு தாள் வாங்கி வங்க மொழியில் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: "எங்கள் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது..."

"மத்த பத்துப் பேரைக் கேட்டீங்களா?" என்றாள் ஹுஸ்னா.

செராஜ் தரையைப் பார்த்தான். "என்னை விட்டுடுங்க, பாய். வீட்டுக்காரிக்கு இன்னும் விசா வரல."

"கேக்காம பேர் எழுதினவன் ஒருத்தன் இருக்கான். ரெண்டாவது ஆளு நீங்களா?" என்றாள் ஹுஸ்னா, கணவரிடம்.

தபாரக் தாளைக் கிழித்தார். இன்னொன்று கேட்டார். இந்த முறை நான்கே வரி:

"நான் பிறந்தது அக்ரஹாயண மாதம், வெள்ளம் வடிந்த பிறகு. தேதி தெரியாது. பள்ளி கொடுத்த தேதியையே எங்கும் எழுதினேன். யாரையும் ஏமாற்றவில்லை." (அக்ரஹாயணம் என்றால் நம் கார்த்திகை வாக்கில்.)

"இதைக் கடிதத்தோட வைக்காதீங்கன்னுதான் இப்பவும் சொல்றேன்," என்றாள் லுப்னா.

"காதுல வாங்கிட்டேன், ஆபா. உங்க கடுதாசி எல்லாருக்கும். இது எனக்கு."

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆங்கிலத்துல சொல்றேன், அடிங்க. ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது."

5.

முடிவு ஒன்று: நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பதினோரு பேரையும் அழைத்துக்கொள்கிறது.

முடிவு இரண்டு: பத்துப் பேரை அழைத்துக்கொள்கிறது; தபாரக்கின் தாள் மட்டும் வேறொரு அலுவலகத்துக்கு...

(இந்த வாக்கியத்தை முடிக்கும் தைரியம் எனக்கு இல்லை.)

நிறுவனத்தில் அந்த உறையைப் பிரிப்பவர் நீங்களாகவே இருங்கள். மேலே வக்கீல் கடிதம். அடியில் நான்கு வரி. அந்த அடித்தாளை என்ன செய்வீர்கள்?

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். மணி நாலு பத்து. கடிதத்தையும் தாளையும் சேர்த்து மடித்து உறைக்குள் வைத்தேன். ஒட்டப் போனபோது தபாரக் கை நீட்டி வாங்கினார். விளிம்பை நாக்கால் ஈரமாக்கி, கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தினார். தபால் அலுவலக வரிசையில் நின்றது ஹுஸ்னா. "பதிவுத் தபால்," என்றாள். முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த கூடைக்குள் போட்டார்கள்.