நூறு நாள் தின்னாத பபகாவ்

மேடம் மகெரேதாவைப் புதைத்த நான்காம் நாள், அவருடைய தம்பி இலிசோனி மாமா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நூறாம் நாள் வரைக்கும் போனவருக்காக யார் எதை விடப்போகிறார்கள்? படகோட்டி நாசோனி, வேரை இடித்துக் கரைக்கும் யங்கோனா பானத்தை விட்டான். மாலையானால் ஊர் ஆண்கள் எல்லோரும் அதைக் கரைத்துவைத்த மரக் கலயத்தைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அது பெரிய தியாகம்தான். செவுலோனி சிகரெட்டை விட்டான்.

அகனிசி முந்தைய நாளே முடிவு செய்துவிட்டாள். நூறு நாளும் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. இத்தனை உயர்ந்த துக்கத்தை இந்தத் தீவு கண்டிருக்காது என்று தோன்றியது. ஒரே ஒரு சிக்கல், அவள் எழுதுகிறாள் என்பதே யாருக்கும் தெரியாது.

"நீ என்ன விடப்போறம்மா?" என்றார் மாமா.

அகனிசியின் வாய் திறந்தது. "பபகாவ்," என்றது.

கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் தலையணை மாதிரி உப்பும் மாவுப் பலகாரம் அது. காலைத் தேநீரோடு அகனிசி ஒரே மூச்சில் ஐந்து தின்பாள் என்பது ஊரறிந்த செய்தி. பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். "எவ்வளவு பாசம் பாரு இந்தப் புள்ளைக்கு!"

பாசம் உண்மை. பபகாவ்தான் பொய்.

இரண்டு வருடம் முன்பு வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அவள் நோட்டைப் பிடுங்கி இரண்டு பக்கத்தை உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது. மறுநாள் அகனிசி வயிற்றுவலி என்று படுத்தாள். அந்த வயிற்றுவலி இன்றுவரை தீரவில்லை, பள்ளிக்கூடமும் அவளைத் தேடி வரவில்லை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கட்டிலுக்கடியில் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போனது. உலகம் அதைத் திருடப் பார்க்கிறது என்பது போல டின்மேல் பழைய வலை ஒன்றையும் போட்டு மூடியிருந்தாள். உலகம் ஒருநாளும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மேடம் மகெரேதா எந்தப் பள்ளிக்கும் மேடம் அல்ல. கொப்பரைக் கிடங்கில் எடை போடுகிறவர். கிண்டலுக்கு வைத்த பெயர், மரியாதையாக ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை மதியம் கிடங்கு காலியானதும் ஊரின் பதின்வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மூட்டைகள்மேல் உட்காரவைப்பார். ஆளுக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் நம்ப வேண்டும். நடுவில் நீல நிறத் தகரத் தட்டில் பபகாவ் ஆவி பறக்கும். எல்லோரையும் நம்பவைத்தவருக்கு முதல் துண்டு. ஆனால் கடிக்கும் முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"பொய்யை ஒழுங்கா கட்டத் தெரிஞ்சவனுக்குத்தான், உண்மை எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியும்," என்பார். செவுலோனி ஒருமுறை தன் பாட்டனைச் சுறா துரத்திய கதையை அழஅழச் சொன்னான். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுறாவுக்கு ஏன்டா அன்னைக்கு அவ்வளவு பசி? அதச் சொல்லு," என்று கேட்டார். அடுத்த வாரம் அவன் சுறாவின் கதையோடு வந்தான்.

இரண்டு வருடச் சனிக்கிழமைகளில் அகனிசி ஒரு பொய்யும் சொன்னதில்லை. மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்திருப்பாள். மேடம் வற்புறுத்தியதே இல்லை. கடைசித் துண்டை அவள் கையில் வைத்து, "எங்க அகனிசி இன்னைக்கும் நல்லாத்தான் பொய் சொன்னா. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாதவ மாதிரி உக்காந்திருந்தா பாரு," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அகனிசி தலையைக் குனிந்துகொண்டு தின்பாள்.

எழுதாமலிருக்கும் அவளுடைய உண்மையான விரதம் மறுநாள் காலைவரை தாங்கியது. விடிந்ததும் நோட்டை எடுத்து, 'இன்று நான் எழுதவில்லை' என்று எழுதினாள். ஏன் எழுதவில்லை என்பதை விளக்க மூன்று பக்கம் ஆனது. நூறு நாளில் நான்கு நோட்டுகள் நிரம்பின. எல்லாவற்றிலும் மேடம்தான். பொய் விரதமோ ஒரு குறையுமில்லாமல் நடந்தது, ஊரே சேர்ந்து நடத்தியது. எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டை ஒளித்துவைத்தார்கள். அம்மா மாவு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். மெய்யைக் காக்கத் துப்பில்லாதவள் பொய்யை இப்படிக் காப்பாற்றுகிறாளே என்று அகனிசிக்கே அலுப்பாக இருந்தது.

நூறாம் நாள் மதியம் துக்கம் கழித்தார்கள். மண்ணடுப்பிலிருந்து கிழங்கும் பன்றிக்கறியும் எடுத்தாயிற்று. மாமா மறுபடி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். நாசோனியின் முன்னால் கலயத்தை வைத்ததும் அவன் அதைக் கட்டிப்பிடிக்காத குறை. செவுலோனி எழுந்து தலையைச் சொறிந்தான்.

"முப்பத்தொண்ணாம் நாள் ஒண்ணு பிடிச்சிட்டேன் மாமா."

"ஒண்ணுதானா?"

"ஒரு பாக்கெட்டு."

கூட்டம் ஓவென்று சிரித்தது. "தோட்டத்துல போய் யங்கோனா வேர் தோண்டிட்டு வா. அதான் உனக்குத் தண்டம்," என்றார் மாமா. "அடுத்து நம்ம அகனிசி. ஒருநாள்கூடத் தவறாத புள்ள!"

கை தட்டினார்கள். அம்மா பெருமையில் நிமிர்ந்தாள். அகனிசியின் முன்னால் பபகாவ் வந்தது, மேடத்தின் அதே நீலத் தட்டில், பெரியது மேலே இருக்கும்படி அடுக்கி. அவள் அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

செவுலோனி அவளுக்கு இன்னொரு மாமன் மகன், அவளைக் கிண்டல் செய்வதற்குப் பிறந்தவன். "ஏய் குண்டூஸ், அந்தத் தட்டுல உனக்கு முதல் துண்டு கிடைக்கிறது இதான் முதல் தடவை. பாத்துக் கடி," என்றான்.

அகனிசியின் கை பாதி வழியில் நின்றது. ஊர் முழுவதையும் நம்பவைத்துவிட்டாள். முதல் துண்டு கையில் இருக்கிறது. கடிக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பது கிடங்கில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். பேசாமல் தின்றுவிட்டால் டின்னும் வலையும் அப்படியே இருக்கும். அந்தத் தட்டை அதன்பிறகு பார்க்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

"நான் விட்டது பபகாவ் இல்ல மாமா," என்றாள். குரல் கொசு மாதிரி வந்தது.

"என்னது? சத்தமா சொல்லு."

"எழுதுறத விடுறதா இருந்தேன். வெக்கத்துல பபகாவ்னு சொல்லிட்டேன்."

"நீ எழுதுவியா?"

"நூறு நாளும் எழுதினேன். மேடத்தைப் பத்தி."

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அந்த டின்னுல பிஸ்கட் இல்லையாடி? எலி வரும்னு நான் தினமும் பொறி வச்சிட்டு இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அகனிசிக்குப் பயமாக இருந்தது. மாமா தாடையைத் தடவினார்.

"அப்ப நீயும் தண்டம் கட்டணும்."

"வேரா மாமா?"

"வேர் எதுக்கு? போய் அந்த நோட்டைக் கொண்டா. எங்க அக்காவைப் பத்தி என்ன எழுதியிருக்கன்னு நான் கேக்க வேணாமா?"

அவள் பபகாவைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய் எடுத்துவந்தாள். எலிப்பொறியில் விரல் மாட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு முதல் நோட்டைப் பிரித்தாள்.

"இன்று நான் எழுதவில்லை," என்று படித்தாள்.

சிரிப்பு வெடித்தது. அகனிசியின் வயிற்றில் பழைய வலி எட்டிப் பார்த்தது. ஓடிவிடலாம் என்று காலை நகர்த்தினாள். அதற்குள் மாமா கண்ணில் நீரோடு, "ம், அப்புறம்?" என்றார்.

அவள் படித்தாள். தலையைத் தூக்காமலே இருபது பக்கம் படித்தாள். கடைசியில் தூக்கியபோது மாமா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நாசோனியின் கலயம் தொடப்படாமல் இருந்தது.

நீலத் தட்டு காலி.

"கதை நல்லா இருந்துச்சா," என்றான் செவுலோனி, விரலை நக்கியபடி, "கை தானா போயிடுச்சு."