யாமிலே அடித்த கோல்

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. பெய்தது என்கிறான் வில்மார். என் நினைவிலோ மைதானம் காய்ந்து கிடக்கிறது, புழுதி பறக்கிறது. பந்து அவன்மேல் பட்டதா என்பதும் அப்படித்தான். கைக்கெட்டும் தூரத்தில், அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். காட்சி மட்டும் தெளிவதேயில்லை.

வில்மார் என் தம்பி. மெதெயீன் நகரத்து மலைச்சரிவில் நாங்கள் மேல்பக்கத்தார். அவன் காதலித்த யாமிலே கீழ்ப்பக்கத்துப் பெண். இரு பக்கத்துக் கும்பல்களும் சண்டையிட்டு நடுவிலிருந்த படிக்கட்டு மூடப்படும் முன் பழகியவர்கள் இருவரும். அவர்களுடைய மகள் மாரிசோலுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. வில்மார் அவளைப் பார்த்ததில்லை. இறங்கினால் கீழ்ப்பக்கத்துப் பையன்கள் சுடுவார்கள், ஏறி வந்தால் எங்கள் பையன்கள்.

இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்கும் ஒரே இடம் டோரிஸ் டீச்சர் நடத்திய கால்பந்துப் பந்தயம்தான். ஆயுதம் கூடாது. நடுவர் கிடையாது. அணியில் பெண்களும் ஆட வேண்டும். முதல் கோலைப் பெண்தான் போட வேண்டும், அதுவரை ஆண்கள் எத்தனை போட்டாலும் செல்லாது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் தவறை அவரவரே சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு அணியும் எதிரணியின் நேர்மைக்கு மூன்று புள்ளிவரை கொடுக்கலாம். கோலோடு அதையும் கூட்டித்தான் வெற்றி.

கீழ்ப்பக்கத்துத் தலைவன் ஹெர்னான். படிக்கட்டு அவன் கையில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் வில்மாரின் தோளில் கைபோட்டான்.

"நாங்க ஜெயிச்சா கீழ வந்து உன் பொண்ணைப் பாத்துட்டுப் போ மச்சான். தோத்தா எனக்கு மனசு சரியிருக்காது."

எங்கள் பையன்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் யாமிலே ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். வில்மார் காலைக் குறுக்கே நீட்டினான். பந்து சற்றுத் திசைமாறி உள்ளே போனது. அந்த மைதானத்தில் கற்களும் உண்டு, அதில் பட்டும் திரும்பியிருக்கலாம். கடைசியில் ஹெர்னான் தன் தலைக்கு மேலாகப் பின்னோக்கி உதைத்து ஒன்று போட்டான். நாங்கள் ஒன்றுமே போடவில்லை.

வட்டமாக உட்கார்ந்தோம். எங்கள் ஃபார்லிதான் ஆரம்பித்தான்.

"மொத கோலு வில்மார் முழங்கால்ல பட்டுத்தான் போச்சு. ஆம்பள மேல பட்டா அது பொம்பள கோலு இல்ல. அது செல்லாதுன்னா ஹெர்னானோடதும் செல்லாது."

ஹெர்னான் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினான். "பட்டவன் சொல்லட்டும்."

வில்மார் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"வாயில என்னடா, அரெப்பா ரொட்டியா?" என்றான் ஃபார்லி. "இல்ல, புள்ளைக்காக ஆட்டத்தையே வித்துட்டியா?"

வில்மார் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ பின்னாடிதானே நின்ன?"

"எனக்குத் தெரியலடா," என்றேன். அது உண்மை.

எல்லோரும் டோரிஸ் டீச்சரைப் பார்த்தோம். "நான் கேக்க மாட்டேன். அவங்கவங்கதான் சொல்லணும்," என்றார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். காத்திருக்கத் தெரிந்தவர் அவர். கீழே எங்கோ ஒரு பேருந்து மூச்சுவாங்கி ஏறியது. ஹெர்னானின் ஆள் ஒருவன் எழுந்து படிக்கட்டுப் பக்கமாகப் போய் நின்றான். எங்கள் பக்கத்திலும் இருவர் எழுந்தார்கள்.

"பட்டுச்சு."

சொன்னது யாமிலே. வில்மாரைப் பார்க்காமல் ஹெர்னானைப் பார்த்துச் சொன்னாள். "கத்திக்கிட்டு ஓடினேன்ல, அப்பவே தெரியும். அது என் கோலு இல்ல. என் தப்பு இதான்."

"உனக்குக் கிறுக்கா? அவன் புள்ளையப் பாக்க வேணாமா?" என்றான் ஹெர்னான்.

"பாக்கணும். அப்பா எப்படி வந்தாருன்னு நாளைக்கு அவ கேப்பா. வாயை மூடி உக்காந்திருந்து வந்தாருன்னா சொல்றது?"

வில்மார் தலைநிமிர்ந்தான். "பட்டுச்சு. முழங்கால்ல."

ஹெர்னான் எழுந்தான்.

"நான் தலைக்கு மேல அடிச்சேனே, என் வாழ்க்கையிலயே நல்ல கோலு அது," என்றான்.

எங்கள் பக்கம் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"நாங்க ஜெயிக்கல. அவன் வரக்கூடாது."

"இன்னும் நேர்மைப் புள்ளி போடலியே," என்றார் டீச்சர்.

ஃபார்லி யாமிலேயைப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மூணும் அவங்களுக்கே போடுங்க," என்றான்.

ஹெர்னான் வில்மாரைக் காட்டினான். "இவங்களுக்கு ஒண்ணு. லேட்டாத்தானே சொன்னான்." கொஞ்சம் யோசித்தான். "அப்போ யாரு ஜெயிச்சது?"

"மூணுக்கு ஒண்ணு. நீங்கதான்," என்றார் டீச்சர்.

அவன் காறித் துப்பினான். "இன்னிக்கு மட்டும். பொழுது சாயறதுக்குள்ள மேல ஏறிடணும்."

வில்மார் யாமிலேக்குப் பின்னால் படிக்கட்டில் இறங்கினான். அவன் திரும்பும்வரை நான் மேல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தை அவனைக் கண்டதும் வீறிட்டு அழுததாம். அதைச் சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே படிக்கட்டு மறுபடி மூடப்பட்டது. அடுத்த வருடம் ஹெர்னானை அவனுடைய ஆட்களே சுட்டுக் கொன்றார்கள். ஃபார்லி பொகோட்டாவுக்குப் போய்ப் பேருந்து ஓட்டுகிறான். டோரிஸ் டீச்சர் கண்பார்வை மங்கும்வரை பந்தயத்தை நடத்திவிட்டு இறந்துபோனார். யாமிலே குழந்தையோடு மேல்பக்கம் வந்தாள். சில வருடங்கள் சேர்ந்து வாழ்ந்து, பிறகு இருவரும் பிரிந்தார்கள். இப்போது அவள் அதே மைதானத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். வில்மார் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறான். மாரிசோல் செவிலியராக இருக்கிறாள். கால்பந்து அவளுக்குப் பிடிக்காது. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.