ஐம்பது என்று எழுத வேண்டிய சீட்டு

அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மறுநாள் விடியலில் படகுகள் கடலுக்குப் போகவேண்டும். கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இருந்ததோ இருநூறு கட்டி. அதை நம்பியிருந்த படகுகள் நான்கு, படகுக்கு ஐம்பது போதும். கெடுத்தது மனுசப் புத்திதான். எத்தனை கட்டி வேண்டும் என்று சீட்டில் எழுதிப் போட்டால், கூடக் கேட்டவனுக்குக் கூட என்று மேனேஜர் பங்கு போடுவார். போன வருடம் மற்ற மூன்று படகுக்காரர்களும் நூறு எழுத, உள்ளதை எழுதிய இளவரசுக்கு இருபத்தெட்டுதான் கிடைத்தது. பாதி மீன் அழுகி, கடலிலேயே கொட்டிவிட்டு வந்தான். அந்த நாற்றம் இன்னும் அவன் மூக்கை விட்டுப் போகவில்லை.

இந்தமுறை நால்வரையும் உட்காரவைத்துப் பேசியவள் வினோதினி, இளவரசின் மச்சானும் நால்வரில் ஒருவனுமான சுப்பராயலுவின் மகள். சரக்கு கைமாறும் வழியில் ஆட்கள் எப்போது ஒத்துப்போகிறார்கள், எப்போது முந்தப் பார்க்கிறார்கள் என்று கேம் தியரி என்கிற ஆட்டக் கோட்பாட்டை வைத்து சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"நாலு பேரும் உள்ளத எழுதுனா நாலு பேருக்கும் அம்பது, மாமா. ஒருத்தர் கூட்டுனா அவ்ளோதான்," என்றாள். இளவரசுதான் முதலில் தலையாட்டினான்.

சீட்டுப் போடும் அன்று காலையில் மச்சான் மேனேஜரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்க்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சொந்த மச்சானே முந்திக்கொண்டானா? சீட்டில் நூறு என்று எழுதி மடித்துப் போட்டான்.

மேனேஜர் தில்லைநாதன் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"அம்பது. அம்பது. சுப்பராயலு, நாப்பது." நிமிர்ந்து இளவரசைப் பார்த்தார். "போன வருசம் ஒனக்குக் கொறஞ்சிடுச்சாம். பத்து கட்டிய விட்டுக்குடுக்குறேன்னு காலைலயே சொல்லிட்டாரு."

தன் சீட்டைப் பிடுங்கிவிடலாமா என்று இளவரசு நினைப்பதற்குள் நான்காவது சீட்டும் பிரிந்தது.

"நூறு."

வினோதினி அவனையே பார்த்தாள். மற்ற இருவரும் கோபத்தில் தங்கள் சீட்டைத் திரும்ப வாங்கி இருநூறு என்று திருத்தினார்கள்; மேனேஜர் தடுக்கவில்லை. சுப்பராயலு மட்டும் கை நீட்டவில்லை.

பங்கு போட்டபோது அந்த இருவருக்கும் எழுபத்து நாலு, இளவரசுக்கு முப்பத்தேழு, சுப்பராயலுவுக்குப் பதினைந்து. பதினைந்து கட்டியை வைத்துக்கொண்டு எந்தப் படகும் கடலுக்குப் போகாது.

"என்னுதையும் மச்சான் படகுலயே ஏத்துங்க," என்றான் இளவரசு. "அம்பத்திரெண்டு வரும். எம்படகு கரையிலயே நிக்கட்டும்."

வாய்க்கு வாய் மச்சான் என்று கூப்பிடும் சுப்பராயலு, இளவரசின் பக்கம் திரும்பாமல் ஐஸ் தூக்கும் ஆட்களைப் பார்த்து, "ஏத்துங்கப்பா," என்றான்.