இடச்சுற்று

அந்தப் பருவத்தில் பெரியவரின் வீடு நூற்றுப் பத்தொன்பது அடி மூன்று அங்குலம் பின்னால் நகர்ந்தது. நூற்றிருபது அடி என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. நூற்றிருபது அடி நகர்ந்திருந்தால் வீடு கல்குவாரிக்குள் விழுந்திருக்கும், வீடு விழவில்லை. அளந்தவர் நில அளவையாளர், நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் பெரியவரின் தம்பி. குடும்ப விஷயத்தில் அங்குலத்தைக் கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் எங்களுக்குப் பழக்கமில்லை.

குடும்ப மீன்பிடிப் படகை நீருக்கடியில் சுற்றித் தள்ளும் பழைய புரொப்பெல்லர் பாறையில் அடிபட்டு ஓர் இலையை இழந்ததிலிருந்து இது தொடங்கியது. புதியதைத் தேர்ந்தெடுப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு என்பதால் பெரியவர் மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். படகின் அடிப்பலகைக்கும் இலையின் நுனிக்கும் நடுவே தண்ணீர் ஓட எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்த்து, விட்டம் இருபத்தாறு அங்குலம் என்று முடிவு செய்தார். ஒரு முழுச் சுற்றுக்குப் படகு எவ்வளவு முன்னேற வேண்டும் என்பதை பிட்ச் என்பார்கள். அது கூடினால் என்ஜின் கரும்புகை கக்கித் திணறும். குறைந்தால் என்ஜின் கத்தும், படகு ஊரும். வலையும் ஐஸும் ஆட்களும் ஏறிய எடையை வைத்துப் பதினெட்டு அங்குலம் என்று எழுதினார். மூன்று இலை போதும் என்று தம்பி சொன்னபோது, வலை இழுக்கிற படகுக்கு வேகத்தைவிடப் பிடிதான் முக்கியம் என்று நான்கு இலை கேட்டார். இவை அத்தனையும் சரி. அந்தத் துறைமுகத்தில் அவரைவிட நன்றாக யாரும் கணித்திருக்க முடியாது. வார்ப்பட்டறை அனுப்பிய படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி மீதி இருந்தது: வலச்சுற்றா, இடச்சுற்றா?

இந்தக் குடும்பத்தில் தலைவராக இருப்பவர் படகின் பின்பக்கம் போய் நிற்பதில்லை. படகின் முகத்தைப் பார்த்து நிற்பவர் உரிமையாளர், முதுகைப் பார்த்து நிற்பவர் கூலிக்கு வந்தவர் என்பது மூன்று தலைமுறை வழக்கம். ஆகவே பெரியவர் படகின் முன்பக்கமாக ஏறி, என்ஜினுக்கு முன்னால் நின்று, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு சுற்றுவதைப் பார்த்தார். கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றியது. இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, அத பின்னாடி நின்னு பாக்கணும். பின்னாடியிருந்து பாத்தா வலம்" என்றார் மெக்கானிக்.

"நான் எதுக்குய்யா பின்னாடி நிக்கணும்?"

"நீங்க நிக்க வேணாம். நான் நிக்கிறேன். நின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன், வலம்."

"உனக்கு வலம். எனக்கு இடம். படகு யாரோடது?"

பித்தளையில் வார்த்த நான்கு இலைப் புரொப்பெல்லர், இடச்சுற்று, வந்து சேர்ந்தது. வலப்பக்கம் சுற்றுகிற தண்டில் அதை மாட்டினால் படகு பின்னால் போகும் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படகில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. முதல் நாள் காலையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே வந்திருந்தது. படகு பின்னால் வந்து படகு கட்டும் மேடையில் இடிக்கும் என்று எதிர்பார்த்து நான்கைந்து பேர் தள்ளியே நின்றார்கள். படகு முன்னால் போயிற்று. பெரியவர் இடம் என்று சொன்ன பிறகு அது வேறு எப்படிப் போகும்?

ஆனால் பின்னால் தள்ளுவதற்கென்று வார்த்த புரொப்பெல்லர் எதையாவது பின்னால் தள்ளித்தானே ஆகவேண்டும். அன்று மாலை பெரியவரின் மனைவி வாளியுடன் வெளியே வந்தபோது வாசலுக்கும் வாசற்படிக்கும் நடுவே பதினெட்டு அங்குலம், சரியாக ஒரு முழம், வெறும் மண் தெரிந்தது.

"வீடு பின்னால போயிருக்குங்க" என்றார்.

"படி முன்னால வந்திருக்கும்" என்றார் பெரியவர்.

மறுநாளும் ஒரு முழம். அதற்கு மறுநாளும். படகு கடலுக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு நடைக்கும் வீடு அஸ்திவாரத்தோடு ஒரு முழம் போயிற்று. சுவரில் கீறல் விழவில்லை, அலமாரியில் தம்ளர் ஆடவில்லை. இரண்டாவது வாரம் தண்ணீர்க் குழாய் பிய்ந்தது. மின்வாரியத்தார் இரண்டு முறை கம்பியை நீட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை கம்பத்திலேயே ஒரு சுருள் கம்பியைத் தொங்கவிட்டுப் போனார்கள். தபால்காரர் பழைய படியில் ஏறி இறங்கி, பிறகு நடந்துபோய்க் கடிதம் கொடுத்தார். "இடம்னாரு, வீடே இடம் பேந்துடுச்சு" என்று தேநீர்க் கடையில் சிரித்தார்கள். பெரியவர் அந்தப் பக்கம் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த அளவு மரியாதை அப்போதும் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் காலி நிலம்; அதன் முடிவில் கைவிட்ட கல்குவாரி, தொண்ணூறு அடி ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். முப்பதாவது நடை முடிந்த மறுநாள் தம்பி நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். சமையலறைச் சுவரிலிருந்து குவாரி விளிம்புக்கு எழுபத்தைந்து அடி.

"இன்னும் அம்பது நடைதாண்ணே. பட்டறைக்கு ஒரு வரி எழுதுங்க. பத்து நாள்ல வேற வார்த்துத் தருவான். இடம்கிறத அடிச்சிட்டு வலம்னு போட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"அடிச்சு எழுதின காகிதம் இந்த வீட்டுலேருந்து போனதில்ல."

"வீடே போகுதுண்ணே."

படகைக் கரையில் கட்டிப்போடவும் பெரியவர் சம்மதிக்கவில்லை. காரணமில்லாமல் கரையில் கிடக்கும் படகு, உரிமையாளரைப் பற்றி நாள் முழுக்க ஊரிடம் பேசிக்கொண்டிருக்கும். தன் வீடு தனக்குத் தெரியும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

அறுபதாவது நடைக்குப் பிறகு தம்பியின் மனைவி வந்து, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் அக்கா என்று கையைப் பிடித்து இழுத்தார். பெரியவரின் மனைவி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் ஒரே ஒரு முறை பேசினார்.

"நீங்க சொன்ன வார்த்தைய விட்டு எறங்கலன்னா, நான் இந்த வீட்ட விட்டு எறங்கல. வாக்கப்பட்டு வந்து முப்பத்தொரு வருஷம் ஆச்சு. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு."

அதன் பிறகு இருபது நாள் இருவரும் பேசவில்லை. பெரியவர் தண்ணீர்க் கேனை நிரப்பி வாசலில் வைப்பார். மனைவி எடுத்துக்கொண்டு போவார். எழுபதாவது நடையிலிருந்து, சாப்பிடும்போது குவாரிக்குள் சரளை உருண்டு விழும் சத்தம் கேட்டது. எண்ணிக்கொண்டே இருந்தால், தண்ணீரில் விழுவதற்கு இரண்டரை நொடி ஆயிற்று. இருவரும் எண்ணினார்கள், எண்ணவில்லை என்பதுபோல் சாப்பிட்டார்கள். எழுபத்தொன்பதாவது நடை முடிந்தபோது ஒரு முழம் மிச்சம் இருந்தது. பெரியவர் சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

எண்பதாவது நாள் காலையிலும் படகு புறப்பட்டது. படகில் பெரியவர், தம்பி, மெக்கானிக் மூவர் மட்டும். மற்ற ஆட்கள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு மைல் போன பிறகு துறைமுக அலுவலகத்தின் வயர்லெஸ்காரர் கருவியோடு பெரியவரின் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். அந்த அலைவரிசையில் அன்று கடலில் இருந்த நாற்பது படகும் கேட்டுக்கொண்டிருந்தன.

"ஐயா, அரை முழம்தான் இருக்கு. சமையல்கட்டு மூலையில மண்ணு உதிருது."

பெரியவர் கையைக் காட்ட, மெக்கானிக் என்ஜினை நிறுத்தினார்.

"உள்ள யாரு இருக்கா?"

"அம்மா இருக்காங்க."

"என்ன பண்றாங்க?"

"காய் நறுக்கிட்டிருக்காங்க ஐயா."

"எறங்கி வரச் சொன்னீங்களா?"

"சொன்னோம். நீங்க எறங்கிட்டீங்களான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க."

வந்த வழிக்கு அரை முழம் போய்விட்டது. திரும்புகிற வழிக்கு மிச்ச அரை முழமும் போய்விடும். படகு அலையில் பக்கவாட்டில் உருண்டது. அருகிலிருந்த ஒரு படகிலிருந்து, கயிறு போடட்டுமா, இழுத்துக்கொண்டு போகிறோம் என்று கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் இந்தக் குடும்பத்துப் படகு எவருடைய கயிற்றிலும் கரைக்கு வந்ததில்லை. தம்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். மெக்கானிக் கடலைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்து படகின் பின்பக்கம் நடந்தார். முப்பது வருடத்தில் அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறினார். பிறகு முன்பக்கம் பார்த்துத் திரும்பி நின்று, தண்டை மூடியிருந்த பலகையைத் தூக்கச் சொன்னார்.

"கையால ஒரே ஒரு சுத்து சுத்து. என்ஜின் எந்தப் பக்கம் சுத்துமோ அந்தப் பக்கம்."

மெக்கானிக் என்ஜின் சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். வயர்லெஸ்காரர் மறுபடி கூப்பிட்டார்: "ஐயா, ஒரு கல்லு விழுந்துச்சு."

பெரியவர் மைக்கை வாங்கினார்.

"வலம்" என்றார். "நான் முன்னாடி நின்னு பாத்துட்டேன். தப்பு என்னோடது. அது வலம்."

வயர்லெஸ்காரர் தன் வேலையில் கறாரானவர். "சரியாக் கேக்கல ஐயா, திரும்பச் சொல்லுங்க" என்றார். பெரியவர் திரும்பச் சொன்னார். நாற்பது படகில் ஒன்றிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை.

என்ஜினைக் கிளப்பினார்கள். இடச்சுற்றுப் புரொப்பெல்லர் வலப்பக்கம் சுற்றும் தண்டில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது: படகு பின்னால் நகர்ந்தது. முகம் கடலைப் பார்த்தபடி, முதுகு கரையைப் பார்த்தபடி, பதினோரு மைல். பின்னால் போகிற படகில் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது. தம்பி விடாமல் இறைத்தார். பெரியவர் பின்பக்கமே நின்று ஆறு மணி நேரம் சுக்கானைப் பிடித்தார். இரண்டு படகுகள் கூடவே வந்து மறுபடியும் கயிறு வேண்டுமா என்று கேட்டன. வாங்கவில்லை. இதை இங்கே எழுதி வைப்பது அவசியம்: கயிறு வாங்கவில்லை. துறைமுகத்துக்குள் படகு முதுகைக் காட்டி நுழைந்தபோது மேடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். தேநீர்க் கடையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை.

வீடு நின்றிருந்தது. குவாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்பது அங்குலம். நனைந்த சட்டையோடு பெரியவர் கதவைத் தட்டினார். தன் வீட்டுக் கதவை அவர் தட்டுவது வழக்கமில்லை. மனைவி திறந்தார்.

"எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டேன்."

"ரெண்டு தடவ சொன்னீங்களாமே."

"அவன் காதுல விழலன்னான்."

"எனக்கு மொதல் தடவையே கேட்டுச்சு" என்றார் அவர், உலர்ந்த துண்டை நீட்டியபடி.

வலச்சுற்றுப் புரொப்பெல்லர் பத்தாவது நாள் வந்தது. அதன் பிறகு படகு முன்னால் போய் முன்னால் வந்தது, வீடு அசையவில்லை. வீட்டை முன்னால் இழுத்துப் போட வழி உண்டா என்று தம்பி கேட்டபோது, பின் ஜன்னலில் நல்ல காற்று வருகிறது, இருக்கட்டும் என்று பெரியவரின் மனைவி சொல்லிவிட்டார். குவாரி விளிம்பில் நகராட்சி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக் கொடுத்தது. கதவு எண்ணை மாற்றவில்லை. தெருவைத்தான் வீடு வரைக்கும் நீட்டித் தார் போட்டார்கள். மழைக்கு முன்பே வேலை முடிந்தது.