மீசை வைத்த ஏலியன்

ஷிஃப்ட் முடிந்து பிரின்சி வீட்டுக்கு வந்து பார்த்தால், பீரோவுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய ஏலியனைக் காணோம். அது நின்ற இடத்தில் அவள் அம்மா விக்டோரியா ஓர் அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தாள். வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஏலியன் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம், அது பொம்மைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பிரின்சிக்கு வேலை. மேசையில் வந்து கொட்டும் மூடிகளில் நல்லது எது, சொத்தை எது என்று பிரிக்க வேண்டும். பகலெல்லாம் ஒரே மாதிரி மூடிகளைப் பார்த்துப் பார்த்து, இந்த உலகத்தில் எதைப் போலவும் இல்லாத ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. கூட வேலை செய்யும் பெண்கள் ஆரி ஒர்க் கற்றுக்கொண்டார்கள், மெகந்தி போடக் கற்றுக்கொண்டார்கள். கல்யாணம் காட்சி என்றால் நாலு காசு வரும். இவளோ கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனைத் திறந்து பறக்கும் தட்டு வீடியோ பார்ப்பாள். ஏலியன் பொம்மை செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதிலும் சேர்ந்தாள். என்ன பொழைப்போ!

குரூப்பில் எல்லோரும் ஒரே ஏலியனைத்தான் செய்தார்கள். மொட்டைத் தலை, பச்சைத் தோல், சின்ன வாய். இவளுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா மஞ்சள் காமாலையில் படுத்த மாதிரி இருக்கிறதே தவிர, அதில் எங்கே வேறு கிரகம் இருக்கிறது? தெர்மாகோலைச் செதுக்கி, காகிதக்கூழ் பூசி, காருக்கு அடிக்கிற சாம்பல் நிறப் பிரைமரை அதன்மேல் அடித்து, ஏழெட்டு வயசுப் பிள்ளை உயரத்துக்கு ஒன்றைச் செய்தாள். கண்ணுக்கு ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி. வாயே கிடையாது. முகத்தில் லேசாக மனுஷ ஜாடை எட்டிப் பார்த்தால் போதும், உடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதைப் பார்த்ததும் இது நம்ம பக்கத்துச் சரக்கு இல்லை என்று ஒரு நிமிஷம் ஆடிப்போக வேண்டும். அவள் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

அந்த ஆசைக்கு இப்போது ஒரு வழியும் பிறந்திருந்தது. சினிமாவுக்குப் பொம்மையும் செட் சாமானும் செய்து கொடுக்கிற ஒரு ஸ்டூடியோ, சென்னையில் ஏலியன் ரசிகர்களுக்கு ஒரு திருவிழா நடத்துகிறது. அதில் ஜெயிக்கிற பொம்மையைச் செய்தவருக்கு ஸ்டூடியோவிலேயே வேலை. பிரின்சி அனுப்பிய போட்டோ தேர்வாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொம்மையோடு வந்து நிற்க வேண்டும். ஜெயித்துவிட்டால் பாட்டில் மூடிக்கு ஒரு கும்பிடு. காலமெல்லாம் விதவிதமாய் ஏலியன் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அந்த ஏலியனைத்தான் விக்டோரியா தூக்கிக் கொடுத்திருந்தாள்.

யாருக்கு என்று கேட்டதற்கு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "கெங்கம்மா வந்துச்சி. இத்தினி வருசத்துல நம்ம ஊட்டு வாசப்படி மிதிச்சதே இல்ல, இன்னிக்கு மிதிச்சிது. நின்னு அந்தப் பொம்மையவே பாத்துச்சி. இது இன்னா, திருஷ்டி பொம்மையான்னு கேட்டுச்சி. நான் இன்னான்னு சொல்றது? ஆமான்னுட்டேன்."

கெங்கம்மாள், நெல் வயல்கார குப்புராஜின் மனைவி. விக்டோரியாவின் மாமியார் அந்த வயலில் நாற்று நட்டவள். இப்போது வயலில் ஒரு பகுதியைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, இவர்கள் காலனியைத் தாண்டி ரோட்டோரமாய்க் குப்புராஜ் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முதல் முதலாய் வாசல் தாண்டி வந்து ஒன்றைக் கேட்கும்போது விக்டோரியாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அது மட்டுமில்லை, போன வாரம் வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர், பொம்மையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுதான் ஜெபித்தார். தொலையட்டும் சனியன் என்றும் ஒரு நினைப்பு அவள் மனசின் மூலையில் இருந்திருக்கும்.

பிரின்சி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே ஓடினாள்.

கட்டடத்தின் உச்சியில் ஒரு மூங்கிலில் ஏலியன் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் மிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்த மாலை. இடுப்பில் ஒரு பழைய செருப்பு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை, கழற்றிவிடலாம். வாய் இல்லாத அந்த முகத்தில் யாரோ கறுப்பு எனாமலில் ஒரு மீசை வரைந்திருந்தார்கள். சின்ன மீசையா? கன்னம் தாண்டிக் காதில்லாத இடம்வரை முறுக்கிக்கொண்டு போயிருந்தது. அதற்குக் கீழே சிவப்பாய் ஒரு நாக்கு வேறு.

மீசை வரைந்தது கொத்தனார் முனுசாமி. அவர் கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்தார். பிரின்சி அவரைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று திட்டினாள். அறிவிருக்கிறதா, அடுத்தவர் பொருளில் கை வைக்கலாமா, மாசக்கணக்காய் உட்கார்ந்து செய்தேனே என்று கத்தினாள். முனுசாமி தலையைத் தூக்கவில்லை, பொம்மைப் பக்கமும் பார்க்கவில்லை. கலவையைத் தட்டிக்கொண்டே இருந்தார். இந்த மாதிரி ஜடத்துக்கு எங்கே கலை புரியப்போகிறது என்று அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

சத்தம் கேட்டுக் குப்புராஜ் வந்தார், பின்னாலேயே கெங்கம்மாளும் வந்தாள். அவருக்கு இதில் என்ன தகராறு என்றே விளங்கவில்லை. மீசை இல்லாத திருஷ்டி பொம்மையை அவர் கண்டதில்லையாம். ஏதோ அவசரத்தில் பெண்பிள்ளை வரைய மறந்திருக்கும், நம்ம ஆள் போட்டுக் கொடுத்தான், நன்றி சொல்லாமல் கத்துகிறதே என்று பார்த்தார். இந்தப் பொம்மை வருவதற்கு முன்னால் போர் போட்டால் தண்ணீர் இல்லை, சன்ஷேடு பெயர்ந்து விழுந்தது, சிமெண்ட் மூட்டை மழையில் நனைந்தது. இது ஏறிய கொஞ்ச நேரத்திலேயே போரில் தண்ணீர் பொங்கிவிட்டது. பிரின்சி, இது திருஷ்டி பொம்மை இல்லை, ஏலியன் என்றாள். அப்படியென்றால் எந்த ஊர் என்று கெங்கம்மாள் நிஜமாகவே கேட்டாள். வானத்துக்கு மேலே, வேறு கிரகம் என்று விளக்கியதும் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததாயிருந்தால் எந்தக் கண்ணையும் தாங்கும் என்றாள்.

பிரின்சி அழுதே விட்டாள். சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை, தன் பிழைப்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள். குப்புராஜ் கெட்டவர் இல்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"இன்னாம்மா பேசற. கட்டடம் முடியறதுக்குள்ள திருஷ்டி பொம்மைய எறக்குவாங்களா? சரி, ஞாயித்திக்கெழம வேல கெடையாது. எட்துகினு போ. திங்கக்கெழம காலைல திரும்ப ஏறிடணும். குடி போனப்புறம் அத்த யாருக்கும் தர முடியாது, பட்ட கண்ணெல்லாம் அதுமேல கீது. முச்சந்தில வெச்சி கொளுத்திடுவோம்."

பிரின்சி ஒப்புக்கொண்டாள். வேலை கிடைத்துவிட்டால் இதைவிட நல்லதாய் எத்தனையோ செய்யலாம். இப்போதைக்கு மீசைதான் பிரச்சினை. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் பொம்மையை இறக்கி வந்து, ராத்திரி முழுக்கத் தின்னர் வைத்துத் துடைத்தாள். மீசை போகவில்லை, அதன் ஓரத்திலிருந்த பிரைமர்தான் பெயர்ந்து வந்தது. நாக்கு மட்டும் எப்படியோ போய்த் தொலைந்தது. இன்னும் துடைத்தால் முகமே போய்விடும் என்று நிறுத்தினாள். மிளகாய் மாலையைக் கழற்றக் கூடாது என்று கெங்கம்மாள் சத்தியம் வாங்கியிருந்ததால் அதுவும் கழுத்திலேயே கிடந்தது.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். கவரைப்பேட்டையில் ஏறிய ஓர் அம்மாள், கேட்காமல் கொள்ளாமல் தன் கைக்குழந்தையின் தலையைச் சுற்றிப் பொம்மைமேல் விரலைச் சொடுக்கினாள். பொன்னேரியில் ஏறிய ஒருத்தர் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். ஏலியன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மீசையை அவள் துப்பட்டாவால் மூடினாள். துப்பட்டா நழுவி நழுவி விழுந்தது.

ஹாலுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏலியன்கள். எல்லாம் மொட்டைத் தலை, பச்சைத் தோல், சின்ன வாய். முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு, ஸ்பிரிங் கொம்பு வைத்துக்கொண்டு, ரசிகர்கள் கூட்டமாய்ச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருத்தர், ஏலியன்கள் நம்மை எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. இத்தனை லட்சணமான ஏலியன்களுக்கு நடுவில் மிளகாய் மாலையும் முறுக்கு மீசையுமாய்த் தன் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டு, பிரின்சி இரண்டடி தள்ளி நின்றாள். யாருடையதோ என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டூடியோக்காரர் தணிகைவேல் வந்தார். சினிமாவில் ஆர்ட் டைரக்டர். கழுத்தில் மப்ளர், அந்த வெயிலில். வரிசையாய்ப் பார்த்து, கொட்டாவியை மறைத்துக்கொண்டே வந்தவர், பிரின்சியின் ஏலியன் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கண்ணைப் பார்ப்பார், உடைத்து உடைத்துச் செய்த முகத்தைப் பார்ப்பார் என்று அவள் பொம்மைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் பார்த்தது மீசையை. விரலை ஆட்டி ஆட்டி அந்தக் கோட்டைக் காற்றில் வரைந்தார். பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏலியனுக்கே மீசை வைத்து நம்ம மண்ணின் ஆளாக்கிய துணிச்சல் என்றார். கண் திருஷ்டி என்பதே பிரபஞ்சத்தோடு நாம் பேசும் பேச்சு என்றார். கைதட்டினார்கள். முகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்தக் கோட்டுல என்ன ஒரு தைரியம் பாருங்க! இந்த மீசை நீங்க போட்டதாம்மா?"

ஹாலே அவளைப் பார்த்தது. ஒரு மூடி, இன்னொரு மூடி, அதற்கடுத்த மூடி என்று மேசையில் வந்து கொட்டிக்கொண்டே இருக்கிற மூடிகள் அவள் கண்ணுக்குள் வந்தன.

"ஆமா சார். நான்தான் போட்டேன்."

வேலை கிடைத்துவிட்டது. பிரின்சி சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமை காலையில் பொம்மையைக் குப்புராஜிடம் கொடுத்துவிட்டாள். மனசு உறுத்தியது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் கம்பெனியில் வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது வந்த சந்தோஷத்தில் அந்த உறுத்தல் எங்கோ போய்விட்டது. விக்டோரியா ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்தாள்.

கம்பெனியில் கணக்கு முடிக்க இரண்டு மாசம் ஆயிற்று. பிறகு ஸ்டூடியோவில் முதல் நாள். தணிகைவேல் அவளை ஒரு பெரிய கொட்டகைக்குக் கூட்டிப் போனார். உள்ளே மலை மாதிரி ஃபைபர் தலைகள் குவிந்து கிடந்தன. ஏதோ ஒரு படத்துக்கு ஒரு கிராமம் முழுக்கத் திருஷ்டி பொம்மை வேண்டுமாம். கறுப்பு எனாமல் டப்பாவையும் பிரஷ்ஷையும் அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றுக்கும் உங்கள் மீசை வேண்டும் என்றார். ஏலியன் எப்போது செய்வோம் சார் என்று கேட்டாள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்துகொள்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவளுக்கு மீசை வரவில்லை. மூன்று தலையில் வரைந்து பார்த்தாள். ஒன்று கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது, ஒன்று பள்ளிக்கூட நாடகத்தில் கரிக்கட்டையால் போட்ட மாதிரி வந்தது, மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். தணிகைவேல் எட்டிப் பார்த்து, இது இல்லையே, அந்தக் கோடு எங்கே என்று முகம் சுளித்தார். மதியத்துக்குள் வரவில்லையென்றால் மானம் போய்விடும், வேலையும் போய்விடும். பிரின்சி வெட்கத்தை விட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய்க் கெங்கம்மாளுக்குப் போன் போட்டு, முனுசாமியின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். அந்த மீசையை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் மறுபடியும் திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"மன்ச்சிக்கம்மா, வேணும்னு பண்ல. சாரத்துல ஏறனா அது மூஞ்சி எனக்கு நேரா கீது. கண்ணுல பாத்தா நானே குட்டியூண்டா தெரியறேன். அது மனுசன் மூஞ்சி இல்ல, சாமி மூஞ்சி இல்ல, பேய்கூட இல்லம்மா. பேய்னா நம்ம ஊரு பேய், ஒரு மந்திரம் கிந்திரம் கீது. இது எங்கேர்ந்து வந்துச்சின்னே தெரில. கை ஒதறிச்சி. கரணை புடிச்சி செவுரு பூச முடில. ஒரு மீசைய வெச்சா நம்மாளு மாதிரி ஆயிடுமேன்னு, கண்ண மூடிகினு ஒரே இழுப்பா இழுத்துட்டேன்."

அவள் தேடிய அந்த ஒருத்தர் இவர்தான், இவரைத்தான் அன்றைக்கு ஜடம் என்று நினைத்துவிட்டு வந்தாள். பொம்மை இப்போது எங்கே என்று கேட்டாள்.

"நேத்து குடி போய்ட்டாங்களே. முச்சந்தில வெச்சி கொளுத்தியாச்சி. கொளுத்தசொல்லோகூட நான் திரும்பி நின்னுகினேன்மா, மூஞ்சிய பாக்கல."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள். அடக்க முடியவில்லை, அவள் அடக்கவும் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து தணிகைவேல், மீசை ஆயிற்றா என்று குரல் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு தலையை எடுத்து முன்னால் வைத்தாள். பிரஷ்ஷைத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாய் இழுத்தாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மீசை அப்படியே வந்தது.